கோபாலுக்கு எந்த ஊர்?



1979-இல் எனக்கு முதல் வேலை கிடைத்ததும் ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னேன். "என்ன வேலைடா?" என்றாள். "கோபால்ல புரோகிராம் எழுதணும் பாட்டி" என்றேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தக் கோபாலுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏறக்குறைய நாற்பது வருடம் அந்தத் தொழிலில் கிடந்துவிட்டு வெளியே வந்த பிறகு, பாட்டி கேட்டது சரியான கேள்விதான் என்று தோன்றுகிறது. கோபால் ஒரு கணினி மொழி, கணினி மொழிகளுக்கு ஊர் உண்டு. அந்த ஊரின் வாடை அவற்றின் மேல் இன்னும் அடிக்கிறது. பாட்டிக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை இன்று உங்களிடம் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழில் படித்தவன். கல்லூரியில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டபோது, இது இங்கிலீஷ் பேசுகிறவர்களின் சமாச்சாரம், நமக்கு எட்டாது என்று முடிவு செய்துகொண்டேன். இன்றும் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போனால் பிள்ளைகள் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். கணினிக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் தெரியாது. மின்சாரம் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் நாம் நமக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், எனியாக் என்ற இயந்திரத்தை ஊருக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள். 30 டன் எடை. அதில் புரோகிராமை எழுத முடியாது, பூட்டத்தான் முடியும். கேபிளை ஓர் இடத்தில் பிடுங்கி இன்னோர் இடத்தில் செருக வேண்டும், ஆயிரக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற நாள்கணக்கில் ஆகும். இந்த வேலையைச் செய்தவர்கள் ஆறு பெண்கள். அதற்கு முன்பு அவர்களுடைய பதவிப் பெயரே கம்ப்யூட்டர்தான், அதாவது கணக்குப் போடுகிற ஆள். ஆளின் பெயர் இயந்திரத்துக்குப் போயிற்று. அந்த ஆறு பேரின் பெயரோ வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

கம்பியைப் பிடுங்காமல், கட்டளைகளையும் எண்களைப் போலவே நினைவகத்துக்குள் வைத்து ஓட்டிக் காட்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டர். 1948 ஜூன் 21. டாம் கில்பர்ன் எழுதிய புரோகிராமில் மொத்தம் 17 கட்டளைகள். 262,144 என்ற எண்ணை, அதைத் தவிர்த்து, மீதியில்லாமல் வகுக்கும் ஆகப்பெரிய எண் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண்ணின் பாதிதான் விடை என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இயந்திரம் ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்து 52 நிமிடத்தில் 131,072 என்று சொன்னது. விடை சரி என்பதைவிட, 52 நிமிடம் நிற்காமல் ஓடியது என்பதுதான் அன்றைக்குப் பெரிய சேதி. அந்த 17 கட்டளைகளில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ஒன்றும் பூஜ்யமும்.

ஒன்றையும் பூஜ்யத்தையும் மனிதன் எத்தனை நாள் எழுதுவான்? இங்கேதான் கிரேஸ் ஹாப்பர் வருகிறார். 1906-இல் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம், பேராசிரியை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து ஹார்வர்டின் மார்க் 1 இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர். மார்க் 2 இயந்திரத்தின் ரிலேக்குள் ஒரு விட்டில்பூச்சி சிக்கி, அதை எடுத்து 1947 செப்டம்பர் 9-ஆம் தேதிக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்த கதையை அவர் மேடைக்கு மேடை சொல்வார். பழுதைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே இருந்தது. இவர்கள் நிஜப் பூச்சியைப் பிடித்ததுதான் வேடிக்கை. பூச்சிக் கதை பரவிய அளவுக்கு நான் இப்போது சொல்லப்போகும் கதை பரவவில்லை. இது அதைவிட முக்கியமான கதை.

1952-இல் ஹாப்பர் ஏ-0 என்ற ஒன்றைச் செய்தார். அடிக்கடி தேவைப்படும் கட்டளைக் கோவைகளை நாடாவில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், அந்த எண்ணைச் சொன்னதும் இயந்திரமே அதைத் தேடியெடுத்துக் கோத்துக்கொள்ளும். அதை யாரும் தொடவில்லை. கணினியால் கணக்குத்தான் போட முடியும், புரோகிராம் எழுத முடியாது என்று அவரிடமே சொன்னார்கள். அடுத்து அவர் இன்னும் ஒரு படி போனார். வியாபாரக் கணக்கு எழுதுகிறவர்களுக்குக் குறியீடு பிடிக்காது, அவர்களுக்குச் சொற்கள் வேண்டும் என்று ஆங்கிலச் சொற்களாலான ஒரு மொழியை வடிவமைத்தார். பின்னாளில் ஃப்ளோ-மேட்டிக் என்று பெயர் பெற்றது. 1955 தொடக்கத்தில் தாம் வேலை பார்த்த நிறுவனத்தின் நிர்வாகத்திடம் பணம் கேட்டு ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அறிக்கையின் முடிவில் ஹாப்பரின் குழு ஒரு காரியம் செய்தது. ஆங்கிலத்தில் எழுதிய மாதிரிப் புரோகிராமையே பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் எழுதிக் காட்டியது.

அவர்கள் காட்ட நினைத்தது எளிய உண்மை. இயந்திரத்துக்கு இந்தச் சொற்கள் வெறும் அடையாளம். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைக்க அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும். நிர்வாகம் ஆடிப்போய்விட்டது. பிலடெல்பியாவில் தயாரான மரியாதையான அமெரிக்கக் கணினி பிரெஞ்சும் ஜெர்மனும் புரிந்துகொள்ளுமாவது! போர் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும்தான் செய்வோம் என்று வாக்குறுதி கொடுத்து, அவர்களைச் சமாதானப்படுத்தப் பல மாதங்கள் ஆயின என்று ஹாப்பர் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினி மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்று இயற்கை எந்த விதியும் போடவில்லை. ஓர் அலுவலக அறையில், பயந்துபோன சில மேலாளர்களுக்காக, அப்படி ஆயிற்று. அந்த அறையில் மட்டும்தான் ஆயிற்று என்றால் மிகை. ஆனால் இந்த விவகாரம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது அங்கேதான்.

இதே சமயத்தில் நியூயார்க்கில் ஜான் பேக்கஸ் என்ற இளைஞர் ஐபிஎம் நிறுவனத்தில் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். சோம்பேறித்தனத்தால்தான் இதில் இறங்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார், புரோகிராம் எழுதுவது அவருக்குப் பிடிக்காதாம். 1954-இல் தொடங்கிய வேலை 1957 ஏப்ரலில் முடிந்தது. ஃபோர்ட்ரான். கணிதச் சூத்திரத்தைச் சூத்திரமாகவே எழுதினால் அதன் மொழிபெயர்ப்பி இயந்திரக் கட்டளையாக மாற்றிக்கொடுக்கும். கணினி இரவில்தான் ஓய்வாகக் கிடைக்கும் என்பதால் பக்கத்திலிருந்த லாங்டன் ஹோட்டலில் அறை எடுத்துப் பகலில் தூங்கி இரவில் வேலை செய்தார்கள். அன்றைய கைதேர்ந்தவர்கள் யாரும் இதை நம்பவில்லை. கையால் எழுதும் கட்டளைக்கு இணையாக ஓர் இயந்திரம் எழுதிவிடுமா என்பது அவர்கள் கேள்வி. ஆகவே பேக்கஸ் குழு தன் உழைப்பில் பெரும்பங்கை இயந்திரம் எழுதித் தரும் கட்டளைகளைச் செதுக்குவதிலேயே செலவிட்டது. கடைசியில் மொழிபெயர்ப்பி தந்த கட்டளைகளைப் பார்த்துவிட்டு, இது எப்படி இப்படி யோசித்தது என்று அதைச் செய்தவர்களே விழித்தார்களாம்.

1957 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் அருகே வெஸ்டிங்ஹவுஸின் பெட்டிஸ் ஆய்வகத்துக்கு ஒரு பெட்டி ஓட்டையிட்ட அட்டைகள் வந்து சேர்ந்தன. கடிதம் இல்லை, கையேடு இல்லை. இது ஃபோர்ட்ரானாகத்தான் இருக்கும் என்று ஊகித்து ஒரு சோதனைப் புரோகிராமை ஓட்டினார்கள். பதில் வந்தது: இந்த இடத்தில் ஒரு கமா இல்லை. அட்டையைத் திருத்திப் போட்டார்கள். விடைகள் பக்கம் பக்கமாக அச்சாகி வந்தன. வெளியூரில் ஃபோர்ட்ரான் பேசிய முதல் பேச்சே ஒரு கமாவைப் பற்றித்தான். அந்தக் கமாவுக்குத் திரும்ப வருவேன்.

அந்த மாதிரி அட்டை ஒன்று என் கையில் இருக்கிறது, இதைப் பின்வரிசைக்கும் அனுப்புங்கள். மஞ்சளாகிவிட்டது, பார்த்துப் பிடியுங்கள். நெடுக 80 பத்தி, மேலிருந்து கீழ் 12 வரிசை. ஓர் அட்டைக்கு ஒரு வரி. நான் படித்த காலத்தில் கட்டு கட்டாக ஓட்டையிட்டு, ரப்பர் பேண்டு போட்டு, கணினி அறை ஜன்னலில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் போனால் தாள் கிடைக்கும். பெரும்பாலும் பிழைச் செய்திதான். ஒருநாள் பஸ் படிக்கட்டில் ரப்பர் பேண்டு அறுந்து முந்நூறு அட்டைகள் சிதறின. கண்டக்டர் விசில் ஊதாமல் இறங்கிவந்து, "என்ன தம்பி, சீட்டுக் கம்பெனியா?" என்றபடி கூடப் பொறுக்கினார். கடைசி எட்டுப் பத்திகளில் வரிசை எண் குத்தியிருந்ததால் பிழைத்தேன். 80 பத்தி என்ற இந்த அளவு 1928-இல் ஐபிஎம் வைத்தது. அட்டை ஒழிந்து திரை வந்தபோது திரையும் வரிக்கு 80 எழுத்தாகத்தான் வந்தது. இன்றும் ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கும் இளைஞர்களிடம் காரணம் கேட்டால், தெரியாது என்பார்கள்.

இனி கோபால். 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் ஒரு கூட்டம். ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் ஒவ்வொரு மொழி என்றால் அரசாங்கம் எத்தனை முறைதான் புரோகிராமைத் திருப்பி எழுதும்? எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான ஒரு வியாபார மொழி வேண்டும். குழு போட்டார்கள். குழுவென்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? இந்த வேலை முடியவே முடியாது என்று வெறுத்துப்போன ஓர் உறுப்பினர், மொழியின் பெயரைப் பொறித்த கல்லறைக் கல் ஒன்றை வாங்கிப் பென்டகனுக்கே பார்சல் அனுப்பிவைத்தார். அந்தக் கல் இன்று கலிபோர்னியாவில் கணினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம் இரு வேறு நிறுவனங்களின் இயந்திரங்களில் ஓடிக் காட்டியது. கல்லறை கட்டப்பட்ட மொழி அறுபது வருடம் கழித்தும் வங்கிகளின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா வேலையிழப்பு விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூஜெர்சி ஆளுநர் பொதுவெளியில் கேட்டார். என் வயதுக்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்ட தருணம் அது.

பாட்டிக்குப் பதில் இப்போது சொல்லலாம். அப்பா ஊர் பிலடெல்பியா, ஏனென்றால் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக்கிலிருந்துதான் கோபாலின் பெரும்பகுதி வந்தது. குழு போட்டது வாஷிங்டன் பக்கம். 'ஆட் டாக்ஸ் டு ப்ரைஸ் கிவிங் டோட்டல்' என்று அதில் எழுதலாம். விலையோடு வரியைக் கூட்டி மொத்தத்தில் வை என்பது பொருள். வினைச்சொல் முதலில் வருவதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் கட்டளையிட்டால் அப்படித்தான் வரும்.

ஐரோப்பாக்காரர்கள் கோபாலுக்கு முன்பே களத்தில் இறங்கியிருந்தார்கள். 1958-இல் சூரிச்சில் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் உட்கார்ந்து அல்கால் என்ற மொழியைப் பற்றிப் பேசினார்கள். தசமப் புள்ளியில் பேச்சு நின்றுவிட்டது. அமெரிக்கர் புள்ளி வைப்பார்கள், ஐரோப்பாவில் பல நாடுகளில் கமா வைப்பார்கள். ஓர் ஐரோப்பியர் மேசையில் ஓங்கி அடித்து, தசமத்துக்குப் புள்ளியா, ஒருபோதும் மாட்டேன் என்றாராம். கலைந்துபோகாமல் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மொழிக்கு மூன்று தோற்றம்: இலக்கணத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, அந்தந்த இயந்திரத்தில் அடிப்பதற்கு ஒன்று. அதாவது இலக்கணம் பொது, சொல்லும் குறியும் அவரவர் வசதி. 1955-இல் ஹாப்பரின் மேலாளர்களை நடுங்கவைத்த அதே கருத்து, 1958-இல் ஒரு புள்ளியின் புண்ணியத்தால் சபையேறியது. பத்தாண்டுகளுக்குப் பின் வந்த அல்கால் 68-க்கு ரஷ்யச் சொற்களில்கூட ஒரு வடிவம் இருந்தது.

அல்காலின் இலக்கணத்தை எழுத பேக்கஸ் ஒரு குறிமுறையை உண்டாக்கினார். அது சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி கையாண்ட முறைக்கு நெருக்கமானது, அதற்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கலாமே என்று 1967-இல் ஓர் அமெரிக்கர் ஒரு கணினி இதழுக்குக் கடிதம் எழுதினார். நியாயமான கடிதம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில், சமஸ்கிருதமே கணினிக்கு உகந்த மொழி என்று நாசா சொல்லிவிட்டதாக வருகிற செய்தி வேறு ரகம். அதே செய்தி 'சமஸ்கிருதம்' போய் 'தமிழ்' வந்தும் எனக்கு வந்திருக்கிறது. அனுப்பியவர் ஒருவரே.

அதனால் அடுத்து நான் சொல்லப்போவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2 + 3 × 4 என்று நீங்கள் எழுதினால் பல மொழிபெயர்ப்பிகள் அதை உள்ளே எப்படி வைத்துக்கொள்கின்றன தெரியுமா? 2, 3, 4, பெருக்கு, கூட்டு. எண்கள் முதலில், வினை கடைசியில். கல்யாணப் பந்தியில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கியிருப்பார்களே, அதுபோல எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். பெருக்கு என்றதும் மேலிருந்து இரண்டு தட்டுகளை எடுக்கும், 3, 4. பெருக்கி 12 என்ற ஒரு தட்டைத் திரும்ப மேலே வைக்கும். கூட்டு என்றதும் 12-ஐயும் 2-ஐயும் எடுத்து 14 வைக்கும். அடைப்புக்குறியே வேண்டாம். போலந்தின் தர்க்க அறிஞர் லூகாசியேவிச் வினையை முன்னால் வைத்து அடைப்புக்குறியை ஒழித்தார். 1950-களில் ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஹாம்ப்ளின் வினையைப் பின்னால் தள்ளினார். 1972-இல் வந்த எச்பி-35 என்ற கைக்கணக்கியில் இப்படித்தான் அடிக்க வேண்டும். ஆங்கில வரிசைக்குப் பழகியவர்களுக்கு முதலில் திண்டாட்டமாகத்தான் இருக்கும். நமக்கென்ன திண்டாட்டம்? "இரண்டையும் மூன்றையும் கூட்டு" என்றுதானே பிறந்தது முதல் சொல்லிவருகிறோம். ஜப்பானியரும் துருக்கியரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆகையால் இதில் தமிழுக்குத் தனிப் பெருமை ஏதுமில்லை. ஆனால் ஆங்கில வரிசைதான் இயந்திரத்தின் வரிசை என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது போதும்.

தமிழிலேயே ஒரு மொழி உண்டு என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எழில். முத்து அண்ணாமலை உருவாக்கியது, 2009-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. அச்சிடச் சொல்வதற்கு அதில் 'பதிப்பி'. எனக்குப் பிடித்தது நிபந்தனை எழுதும் விதம். ஆங்கில வழி மொழிகளில் 'இஃப்' முதலில் வந்து நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனையை அடைப்புக்குள் எழுதிவிட்டு அதன் பின்னால் 'ஆனால்' என்று எழுத வேண்டும். மழை பெய்தது ஆனால், குடையை எடு. இன்னொன்றின் சொற்களை மாற்றிப்போட்ட வேலையாக இல்லாமல் வாக்கியத்தையே தமிழாக யோசித்திருக்கிறார்.

பிறகு ஏன் எல்லோரும் எழிலில் எழுதவில்லை? கசப்பான பதில்தான். பல கணினி மொழிகளில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் முப்பது நாற்பதுதான். நான் ஃபோர்ட்ரானில் அவற்றை இரண்டு நாளில் மனப்பாடம் செய்தேன். அவை என்னை வருத்தவில்லை. வருத்தியது புத்தகம். ஒரு மொழியைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிவைத்த விளக்கம், எடுத்தாளக் கிடைக்கும் ஆயத்தப் புரோகிராம்கள், எங்கே தடுக்கி விழுவோம் என்று முன்னால் விழுந்தவர்கள் சொல்லிவைத்த எச்சரிக்கை, இவையெல்லாம் சேர்ந்துதான் அதற்குப் பலம். அவை இன்று ஆங்கிலத்தில் மலையாகக் குவிந்திருக்கின்றன. சொல்லை மாற்ற அட்டவணையில் ஒரு வரி போதும் என்றார்கள் ஹாப்பரின் ஆட்கள். மலையை நகர்த்த ஒரு வரி போதாது.

எழுத்தின் கதையும் உண்டு. நான் படித்த காலத்து ஃபோர்ட்ரானில் ஆங்கிலத்தின் சிற்றெழுத்துக்கே இடமில்லை, எல்லாம் பேரெழுத்து. அந்த வீட்டில் நம் 247 எங்கே போய்க் குடியிருக்கும்? எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமளிக்கும் யூனிகோடு வந்த பிறகு அந்தக் கதவு திறந்தது. பைத்தான் என்ற மொழியின் 2008-இல் வந்த 3-ஆம் பதிப்பில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். 'விலை', 'வரி', 'மொத்தம்' என்று எழுதிக் கணக்குப் போடச் சொன்னால் அது மறுபேச்சில்லாமல் போடும்.

ஓய்வுபெற்றபின் வாரம் ஒருநாள் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் அம்மாவின் இட்லிக் கடைக்குக் கணக்குப் போடும் புரோகிராம் எழுதினாள். இட்லி, வடை, பொங்கல் என்று பெயர்கள் வைத்து ஒரு பட்டியல். ஓட்டியதும் சிவப்பில் ஆங்கில வரி வந்தது. "தாத்தா, திட்டுது" என்றாள். எட்டிப் பார்த்தேன். பைத்தானின் புதிய பதிப்புகள் சாதுவானவை. ஒருவேளை கமாவை மறந்துவிட்டாயோ என்று கேட்டிருந்தது. பெட்டிஸ் ஆய்வகத்தில் 1957-இல் வந்த அதே செய்தி. அவர்களுக்கு அது படிக்கத் தெரிந்த மொழியில் வந்தது, திருத்தி ஓட்டிவிட்டார்கள். இவள் அதைத் திட்டு என்று நினைத்துவிட்டாள்.

"திட்டலம்மா. வடைக்கும் பொங்கலுக்கும் நடுவுல ஏதோ விட்டுப்போச்சாம்" என்றேன்.

திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ சிவப்பு?" என்று கேட்டுவிட்டு, கமாவைப் போட்டாள்.